மூன்று மடங்கு மழை

அரசாங்க மென்பொருள் என்றாலே மட்டம் என்பவர்கள் ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் சார். கல்பாத்தியிலிருந்து கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு ஆறு வருஷம் போய்வந்தவன் நான். இரண்டு பக்கமும் தெரியும். அங்கே நான் எழுதியதை உடைத்துப் பார்க்கவென்றே ஒருவர் இருந்தார். அந்தப் பயத்தில் வேலை சுத்தமாக வரும். இங்கே எழுதுவது, சோதிப்பது, 'சரி' என்று கையெழுத்துப் போடுவது எல்லாம் நானே. பயமில்லை, வெறும் ஆசையில்தான் நன்றாகச் செய்தேன்.

நான் எழுதியது பீர்மேட்டு மலைக்கான மண்சரிவு எச்சரிக்கை மென்பொருள். ஏற்பாடு எளிது. எஸ்டேட்தோறும் ஒரு மழைமானி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அளவு அனுப்பும். எல்லை தாண்டினால் லயத்துக்காரர்களின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்களின், போனுக்கு மெசேஜ் போகும். அவர்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிடுவார்கள்.

மானிக்குள் அடைத்த இலை திடீரென விலகினால் அளவு எகிறும். மழையே இல்லாமல் மெசேஜ் போய்விடும். ஒரு தரம் ராமுத்தாய் கூப்பிட்டார். கொழுந்து பறிப்பவர், லயத்துக்குத் தகவல் சொல்வதும் அவர்தான். "ஏன் சார், ஒரு தூத்தல் இல்ல, எல்லாரையும் மேட்டுக்கு ஓட விட்டீங்க. ஒங்க கம்ப்யூட்டருக்குச் சளி கிளி பிடிச்சிருக்கா?" பின்னால் பத்துப் பேர் சிரித்தார்கள்.

வெட்கமாகப் போயிற்று. நான்கு வரி சேர்த்தேன்: அளவு ஒரேயடியாக மூன்று மடங்கு ஏறினால் மானி பழுது, அந்த அளவைத் தள்ளிவிடு. பேய்மழையும் அப்படித்தான் ஏறும், தெரியும். கம்பெனியில் என்றால் அன்றைக்கே பிடித்திருப்பார்கள். எட்டு மாதம் ஒரு பொய் எச்சரிக்கை இல்லை. பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜூலையில் ஒரு மத்தியானம் மறுபடி ராமுத்தாய். "சார், ஓடை செவச்செவன்னு வருது. மெசேஜ் ஒண்ணும் வரலையே. புள்ளைகளக் கூட்டிட்டு ஏறட்டா, இருக்கட்டா?"

திரை பச்சையாக இருந்தது. தள்ளிய அளவுகள் தனிப் பட்டியலில் விழும்; திறந்தேன். வரிசையாக நான்கு, நான்கும் ஒத்துப்போயின. இலை என்றால் ஒரு தரம்தான் எகிறும். இது மழை. கையால் மெசேஜ் அனுப்பவும் ஒரு பொத்தான் உண்டு. ஆனால் அழுத்தினால், கணினி தானாக ஏன் அனுப்பவில்லை என்று விளக்கம் எழுத வேண்டும்; வாயால் ஏறச் சொன்னாலும் அதே கேள்விதான் வரும்.

"பயப்படாதீங்கோ ராமுத்தாய். பேசாம உள்ளயே இருங்கோ."

"நீங்க சொன்னாச் சரிதான் சார்."

அரை மணியில் சரிந்தது. பதினான்கு பேர். அவரும்.

உங்கள் விசாரணை அறிக்கையில் ஓரிடத்தில் 'மென்பொருள் கோளாறு' என்று இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள் சார். கோளாறு எதுவும் இல்லை. நான் எழுதியபடியே, பிசகாமல் ஓடியது.