நீலப் பென்சில்

ரெக்கோடரை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள், பஸ் சத்தம் விழும். இந்த மேசைதான் நல்லது. பத்து இதழ்களுக்கு இங்கே இருந்துதான் பேட்டி எடுத்தேன்.

என் பெயர் இரவிச்சந்திரன். தனியாளாகப் படக்கதை வரைந்து, தாங்களே கொப்பி எடுத்து விற்கிறவர்களைப் பற்றி மொன்றியலில் ஒரு சிற்றிதழ் நடத்தினேன். இருநூறு பிரதி. வாசித்தவர்கள் எத்தனை பேரென்று கேட்காதீர்கள்.

முதலில் பேட்டி கண்டது அக்னெஸ் என்ற, பிரெஞ்சு பேசும் கெபெக்காரியை. நீலப் பென்சிலை எனக்குக் காட்டியவர் அவர்தான். வெளிர் நீலத்தில் வரைந்து, மேலே கறுப்பு மையால் இழுப்பார்கள். கொப்பி மெஷினுக்கு அந்த நீலம் தெரியாது, அழிக்கிற வேலை மிச்சம். அப்படியொரு பென்சிலைப் பேரின்பநாதனுக்கு வாங்கிக் கொடுத்தது நான்.

அவன் 92 மாரியில் அகதியாக வந்தவன். அவன் போட்டிருந்த குளிர் ஜாக்கெட் என்னுடையது. ஏழு மாதம் என் சோபாவில் படுத்தான். உணவகத்தில் கோப்பை கழுவிய நேரம் போக மிச்சமெல்லாம் வரைந்தான். ஒவ்வொரு உருவத்தின் கீழும் உண்மையான ஆளின் பெயரையும் இடத்தையும் நீலத்தில் எழுதினால்தான் அவனுக்குக் கை ஓடும். "பேர் இல்லாட்டி முகம் வராது அண்ணை," என்பான்.

94 வைகாசியில் அவனைப் பேட்டி கண்டேன். நாலு கசெட். தாய் ஷெல்லடியில் செத்ததைச் சொன்னான். தம்பி சிவநேசம் இயக்கத்தை விட்டு ஓடி, வேறு பெயரில் ஒளித்திருப்பதையும் சொன்னான். பேட்டியோடு போட மூலப் பக்கங்களைக் கேட்டேன்.

"கவனம் அண்ணை. மெஷின் காணாது, ஆனா சனம் காணும்."

"என்னை நம்பேல்லையோ?"

"நம்பாமத் தருவனே?"

எட்டாம் பக்கத்தில் நான் இருந்தேன். ஒருவன் தாயை நினைத்து அழுகிறான். எதிரே ரெக்கோடரோடு ஒரு தொந்திக்காரன், "அதைத் திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ, பதியேல்லை," என்கிறான். கீழே நீலத்தில் என் பெயர். அப்படி நான் சொன்னது உண்மை. சத்தம் பதியாததும் உண்மை. ஆனால் அந்தப் பக்கங்கள் முழுக்கத் தேடினேன், என் சோபா இல்லை, ஜாக்கெட் இல்லை, ஏழு மாதச் சோறு இல்லை. எனக்கு நெஞ்சு வெந்துபோயிற்று. உண்ட வீட்டுக்கு இப்படியும் ஒருவன் துரோகம் செய்வானா?

கோபத்தில் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு நாள் நிதானமாக யோசித்தேன். கலைஞன் எதையும் ஒளிக்கக் கூடாது என்பது என் கொள்கை, முதல் இதழின் தலையங்கமே அதுதான். ஆறாம் பக்கத்தில் ஒருவன் சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் காலடியில் இருந்த நீல எழுத்தின் மேல், பிசகாமல், கறுப்பு மையால் எழுதினேன். 'தம்பி சிவநேசம். வவுனியா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் கடை.' என் சொல் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. எழுத்து முழுக்க அவனுடையது.

கோயிலிலும் தமிழ்க் கடைகளிலும் இதழை வைத்தேன். இயக்கத்தின் ஆட்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஐந்து பிரதி கொடுப்பேன், அன்றும் கொடுத்தேன். வழமையை மாற்றினால்தானே யாரும் தப்பாக நினைப்பார்கள்.

ஆவணியில் ஊரிலிருந்து போன் வந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்த இரண்டு பேர் சிவநேசத்தைக் கடை வாசலிலேயே சுட்டுவிட்டுப் போனார்களாம்.

பேரின்பநாதன் வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. இதே மேசையில் இதழை விரித்து, ஆறாம் பக்கத்தில் விரலை வைத்து, "எப்பிடி அண்ணை?" என்றான்.

"புது மெஷின். நீலத்தையும் பிடிச்சுப்போட்டுது போல," என்றேன். அவன் மனம் நோகக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்.

அவன் மெதுவாக எட்டாம் பக்கத்துக்குப் புரட்டினான். தொந்திக்காரனின் கீழே வெறும் வெள்ளைத் தாள்.

"உங்கட பேரை மட்டும் மெஷின் காணேல்லையோ?"

அதற்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், பதிந்துகொள்ளுங்கள். என் பெயருக்கு நான் மை போடவில்லை. கதைக்கு அது அவசியமாகப் படவில்லை.