சிட்டு தின்ற ஜன்னல்

எல்ஸ்பெத்: மறுபடியுமான்னு கேட்காதீங்க டூகல். மறுபடியும்தான்.

டூகல்: நான் வாயே திறக்கலையே.

எல்ஸ்பெத்: ஏணியைச் சாத்தும்போதே உங்க புருவம் கேட்டுடுச்சு.

டூகல்: இந்தக் குளிர்காலத்துல மூணாவது கண்ணாடி. அதுவும் இந்த அடுப்படி ஜன்னல் மட்டும்!

எல்ஸ்பெத்: நான் என்ன பண்ண? சிட்டுங்க கண்ணாடியைப் பிடிச்சு நிக்க ஓரத்துல பூசின பட்டிப் பசையைக் கொத்தித் தின்னுடுதுங்க. கண்ணாடி ஆட்டம் கண்டிருந்துச்சு. நேத்து கடல்காத்து அடிச்சுதா... படார்.

டூகல்: ஆளிவிதை எண்ணெய்ல பிசைஞ்ச பட்டி. அதுங்களுக்கு விருந்து.

எல்ஸ்பெத்: பக்கத்து வீட்டு ரோனா ஜன்னல்ல மட்டும் விரதமா?

டூகல்: ...அந்த உளியைக் குடுங்க.

எல்ஸ்பெத்: "டூகல் உன் வீட்டுக்கே குடி வந்துட்டாரா"ன்னு கேக்குறா அவ.

டூகல்: கை விறைக்குது. டீ இருக்கா?

எல்ஸ்பெத்: கொதிக்குது. டூகல்... இதுதான் கடைசித் தடவை.

டூகல்: எது?

எல்ஸ்பெத்: டண்டீலேருந்து மக வந்திருந்தா. வீடு பூரா பிளாஸ்டிக் ஜன்னல் போடணுமாம். பட்டியே வேண்டாமாம். சாயங்காலம் போன்ல நான் சரின்னு சொன்னா, திங்கக்கிழமை ஆள் வந்துடும்.

டூகல்: ...நல்லதுதானே. குளிர் உள்ள வராது.

எல்ஸ்பெத்: யாருமே உள்ள வர மாட்டாங்க.

டூகல்: ம்.

எல்ஸ்பெத்: 'ம்'மா? அவ்வளவுதானா?

டூகல்: ஒண்ணு சொல்லணும். கோவிக்கக் கூடாது.

எல்ஸ்பெத்: ஏணியை விட்டு இறங்கிச் சொல்லுங்க.

டூகல்: இங்கேயே இருக்கேன். அதான் பத்திரம்... வண்டியில வேற பட்டி இருக்கு. சிட்டு மூக்கே வைக்காது. ஊர் பூரா மூணு வருஷமா அதைத்தான் பூசறேன். உங்க வீட்டுக்கு மட்டும் இந்தப் பழசு.

எல்ஸ்பெத்: ஏனாம்?

டூகல்: சிட்டு கொத்தினாத்தானே நீங்க கூப்பிடுவீங்க. என் சம்சாரம் போனதுலேருந்து வீட்டுல... தனியா டீ குடிக்கப் பிடிக்கல.

எல்ஸ்பெத்: இந்தாங்க டீ. ஆறிடும்.

டூகல்: திட்டுங்களேன்.

எல்ஸ்பெத்: போய் அந்த நல்ல பட்டியை எடுத்துட்டு வாங்க. மக கிட்ட பிளாஸ்டிக் ஜன்னல் வேண்டாம்னு சொல்லிடறேன்.

டூகல்: அதைப் பூசினா இருபது வருஷம் நிக்கும். அப்புறம் நான் எதுக்கு...

எல்ஸ்பெத்: ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றதுக்குக் கண்ணாடி உடையணுமா? அப்படியே, மேல படர்ந்திருக்கற கொடிக்குள்ள கையை விட்டு அந்தக் கொழுப்புத் தீனி உருண்டைங்களை அவுத்துடுங்க. சிட்டுங்க ஜன்னலுக்கு வரட்டும்னு நான் கட்டி வெச்சது.