மேட்டுத் தெருவுக்குப் பெரிய சக்கரம்

மின்சார ஸ்கேட்போர்டு வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது சக்கரத்தைப் பற்றித்தான், ஐயா. பெரிய சக்கரம் போட்டால் வேகமாகப் போகுமா என்பார்கள். போகும். குண்டுகுழி தெரியாது, சமதரையில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் மோட்டாரை மாற்றாமல் சக்கரத்தை மட்டும் பெரிதாக்கினால் மேடு ஏறும்போது அதற்கு மூச்சு வாங்கும். சார்ஜ் மடமடவென்று இறங்கிவிடும். பிரேக்கும் கொஞ்சம் தளரும். பழுது பார்க்கும் கடையில் நாள் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

என் தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை.

அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஒண்டிக்கட்டை. அவன் வாயாடி, அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டால் எனக்கு இரண்டு பிடி கூடுதலாக இறங்கும். பிறகு மேட்டுத் தெருவில் இருக்கும் ஒரு பல் டாக்டர் பெண்ணோடு அவனுக்குப் பழக்கமானது. வேலை முடிந்ததும் போர்டை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவான். நான் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். அவனுக்குத் தனியாக இருக்கத் தெரியாது. அவனை நினைத்துத்தான் கவலைப்பட்டேன்.

"அண்ணா, ரோடு சரியில்ல, காலெல்லாம் அதிருது" என்றான் ஒருநாள். பெரிய சக்கரம் மாட்டிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே பாதி மேட்டில் போர்டு படுத்துவிட்டது.

"அண்ணா, சார்ஜ் காலி. வேன் எடுத்துட்டு வர்றியா?"

போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். "எங்க அண்ணன் கை பட்டா கழுதகூட குதிரையா ஓடும்னு ஆபீஸ்ல பீத்தி வச்சிருக்கேன். மானத்த வாங்கிட்டியே" என்று சிரித்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பேட்டரி பழசு என்று அவனிடம் காரணம் சொன்னேன். அடுத்த முறை, சக்கரம் தேய்ந்துவிட்டது என்று சொல்லி அதைவிடப் பெரியதாக மாட்டினேன். அடிக்கடி கூப்பிட்டான். நானும் போனேன்.

அப்புறம்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. "அவ வீட்டுல இன்னொரு சார்ஜர் வச்சுக்கிறேன்ணா. போறப்ப தள்ளிக்கிட்டே போனாலும் வர்றது இறக்கம்தானே. உனக்கும் அலைச்சல் மிச்சம்."

அலைச்சல். அந்தச் சொல் எனக்கு வலித்தது, ஐயா. ஆனாலும் நல்ல சார்ஜராகப் பார்த்து நானே வாங்கிக் கொடுத்தேன்.

அந்த போர்டில் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி பேட்டரிக்கு அனுப்பும். பேட்டரி நிறைந்திருந்தால் அனுப்ப இடமில்லை, பிரேக் கைவிட்டுவிடும். மேட்டில் குடியிருக்கிற வாடிக்கையாளர் யார் வந்தாலும், முழுச் சார்ஜோடு இறக்கத்தில் இறங்காதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன். தம்பியிடம், "முழுசா ஏத்திக்கிட்டுக் கிளம்பு, அப்பதான் பேட்டரி உழைக்கும்" என்றேன்.

கையோ காலோ உடைந்தால் கொஞ்ச நாள் வீட்டில் இருப்பான் என்று நினைத்தேன். முதுகெலும்பை நான் நினைக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்திலேயே இருந்தேன். ஊட்டிவிட்டேன், தலை வாரிவிட்டேன். நல்ல நாட்கள் அவை. அந்தப் பெண்தான் சும்மா இருக்காமல் போர்டை வேறொரு கடையில் காட்டியிருக்கிறாள். உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததும் அவள்தானே. நான் எதையும் மறுக்கவில்லை. சக்கரம் மாட்டியது நான், சார்ஜர் கொடுத்தது நான், தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்தான்.

தம்பிக்கு விஷயம் தெரிந்ததும், "ஏண்ணா?" என்று மட்டும் கேட்டான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அவன் கோபம் அப்படித்தான், தானாகத் தணிந்துவிடும்.

உங்களிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும். ஜெயிலில் கைதிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கான அறை மாடியில் இருக்கிறதாம். அவனால் இனிமேல் படி ஏற முடியாது. கீழே ஏதாவது ஒரு மூலையில் எங்களுக்கு இடம் கொடுக்கச் சொன்னால் போதும், வந்துவிடுவான்.