மைன்ஸ் மாமாவோட குரல்

ஐயோ, சவுண்டக் கொறைங்க ப்ரோ. ஆமா, நான்தான். அந்த மைன்ஸ் மாமா நானேதான். செல்ஃபியா, பண்ருட்டி வரட்டும், எறங்கிட்டு எடுத்துக்கலாம். மொதல்ல அந்த வீடியோவ நிறுத்துங்க. பஸ்ஸு முழுக்கக் கேக்குது பாருங்க.

அந்தக் குரல்ல பேசிக் காட்டணுமா? இங்கயா? வேணாம் ப்ரோ. கோச்சுக்காதீங்க. பந்தாவெல்லாம் ஒண்ணும் இல்ல. அறுவது வியூஸ் வந்ததுக்கே ஃப்ரெண்ட்ஸுக்கு டீ வாங்கிக் குடுத்தவன், எனுக்கு என்னா பந்தா.

ஓ, நீங்களும் சேனல் ஆரம்பிச்சிருக்கீங்களா? எனுக்கு எப்படி செட் ஆச்சுன்னு கேக்கறீங்க. எங்க செட் ஆச்சு! இன்ஜினியரிங் முடிச்சிட்டு வூட்ல சும்மா ஒக்காந்திருந்தேன். மொதல்ல டிவிக்காரங்க மாதிரி பேசிப் பாத்தேன். வணக்கம் மக்களே, நான் உங்கள் அறிவழகன்னு. எனுக்கே குமட்டிக்கினு வந்துச்சு. அப்புறம் சென்னப் பசங்க மாதிரி, அப்புறம் கோயமுத்தூரு மாதிரி. எங்க மைன்ஸ் குவார்ட்டர்ஸ் பிளாக்குலதான் எல்லா ஊருக்காரங்களும் இருக்காங்களே, எல்லாரு மாதிரியும் எனுக்குப் பேச வரும். நான் எப்படிப் பேசுவேன்னு மட்டும் தெரியல. வூடுன்னு ஒரு தடவ சொன்னதுக்கு ஸ்கூல்ல கிளாஸே சிரிச்சிது. அன்னிக்கே அந்தப் பேச்சத் தொடச்சிப் போட்டுட்டேன்.

எங்கப்பா அப்படியில்ல. நெலக்கரி மைன்ஸுக்கு நெலம் குடுத்த குடும்பம்னு அங்கயே வேல கெடச்சு வந்தவரு. முப்பது வருஷம் குவார்ட்டர்ஸ்ல இருந்தும் அந்தப் பேச்சு மாறல. என் ஃப்ரெண்ட்ஸ் யாரு வந்தாலும், இன்னாடா அதுக்குள்ள எழுந்துகினு கெளம்பற, வூட்டுக்கு வந்தவன் துன்னாம போனா எனுக்கு சோறு எறங்குமாடான்னுவாரு. எனுக்கு மானம் போவும். அவனுங்கள கேட்லயே பேசி அனுப்பிச்சிருவேன்.

ஒரு நாளு அவரு நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கிக்கினு இருந்தாரு. அவரு ஹெல்மெட்ட மாட்டிக்கினு, துண்டத் தோள்ல போட்டுக்கினு, அவர மாதிரியே பேசி வீடியோ எடுத்தேன். கொஞ்சம் இழுத்து, கோணையா. எனுக்கு சோறு எறங்குமாடான்னு நெஞ்சுல அடிச்சிக்கினு. நாலே நாளு ப்ரோ, ரெண்டு லட்சம். இதான்டா ஒரிஜினல் வாய்ஸுன்னு கமெண்ட்டா வந்து கொட்டுது. எனுக்குத் தல கால் புரியல.

ஹெல்மெட்டுல அவரு டோக்கன் நம்பரு பெயின்ட்ல எழுதியிருக்கும். அது எனுக்குத் தோணவே இல்ல. உங்களுக்கெல்லாம் அது வெறும் நம்பரு. அவரு ஷிஃப்டு ஆளுங்களுக்கு அது எங்கப்பா சடையப்பன். கேன்டீன்ல அவரு டிபன் பாக்ஸத் தொறந்தா போதும், நாலு பேரு நெஞ்சுல அடிச்சிக்கினு, எனுக்கு சோறு எறங்குமாடான்னு கத்தறாங்களாம். கூட வேல செய்யற கருணாகரன் மாமாதான் வந்து சொன்னாரு. ஏன்டா, சிரிக்க வெக்கறதுக்குப் பெத்தவன்தான் கெடச்சானான்னு கேட்டாரு. நாக்கப் புடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு.

அப்பா திட்னாரான்னா, எங்க! திட்டியிருந்தா தேவல. ஹெல்மெட்ட நல்லாத் தொடச்சு ஆணியில மாட்னாரு. அவ்ளோதான்.

டெலிட்டு? பண்ணல ப்ரோ. பொய் சொல்ல மாட்டேன். தெனம் அத எடுத்து வெச்சிக்கினு ஒக்காருவேன். ஏறிக்கினே போவுது. கை வர மாட்டேங்குது. வெக்கங்கெட்டவன்னு நெனச்சிக்கோங்க, அதான் நெசம்.

என்னது? இப்பவும் அதே மாதிரிதான் பேசறனா? ச்சே, இது அந்த வாய்ஸ் இல்ல ப்ரோ. இது நான் சும்மா பேசறது. அப்படியா இருக்கு?

பண்ருட்டிக்கா, டாக்டரப் பாக்கத்தான். அப்பாவக் கூட்டிக்கினு போறேன். இருவது நாளா அவரு யாருகிட்டயும் பேசறதில்ல. கேட்டா தொண்டையத் தொட்டுக் காட்றாரு. அம்மா அத நம்பிக்கினு, போயி காட்டிட்டு வாங்கன்னு அனுப்பிச்சிருக்காங்க. அதோ, டிரைவருக்குப் பின்னாடி சீட்டு, நீலச் சட்ட. கண்டக்டர் வந்து எங்க போவணும்னு கேட்டப்ப பாத்திருப்பீங்களே. வாயத் தொறக்கல. திரும்பி, என்னக் கை காட்னாரு. நான்தான் ரெண்டு பண்ருட்டின்னு சொன்னேன்.