ஊருக்குப் போறன்

— மகள் ஸஹ்றா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. என்ட மகன் இன்னும் தொறக்கலயா?

— முத்தலிபு மாமா, ஸ்டூடியோ தொறந்த நேரத்துல இருந்து இந்தப் பின் அறையில குந்திக்கிட்டு இதத்தானே கேக்குறீங்க! ஒங்கட மகள்ட கல்யாண அல்பம் யார் யாருக்குப் போச்சு, யார் தொறந்த, யார் இறக்கின, எல்லாம் இந்தா கம்ப்யூட்டர் காட்டுது. மாப்பிள்ள வீடு பாத்துட்டாங்க. லண்டன் மாமி முழுசா இறக்கிட்டா. ஒங்கட மகன் ஸப்ரான்ட பேருக்கு நேர ‘அனுப்பியாச்சு’ மட்டும்தான்.

— சில நேரம் கத்தார்ல நெட் இல்லயோ?

— கத்தார்ல நெட் இல்லாட்டி இந்தப் புத்தளத்துலயும் ஒங்கட கரைத்தீவுலயும் இருக்குமா? அப்பிடி என்ன கோவம் அவருக்கு, தங்கச்சிட கல்யாணத்துக்கும் வராம?

— வீடு கட்டப் போறன் எண்டான். நல்லம், மன்னார்ல, ஊர்ல கட்டு எண்டன். இல்ல வாப்பா, இஞ்ச கரைத்தீவுலதான் எண்டான். எனக்குக் கோவம் ஏறிட்டுது. இது ஒதுங்க வந்த எடம், ஊர் அதுதான், ஊர மறந்த புள்ள எனக்கு வேணாம் எண்டுட்டன். அதோட அவன் கோல் எடுக்குறதே இல்ல.

— அவர் பொறந்ததே இஞ்சதானே மாமா?

— பொறந்தா? தொண்ணூறுல புலிகள் மன்னார விட்டு வெரட்ட, உடுத்த உடுப்போட வந்தம். எவ்வளவு காலம் இருந்தாலும் இது ஊராகுமா?

— ஐயோ! மாமா!

— என்ன மகள்? கரண்ட் போச்சா?

— தொறந்துட்டார்! ஸப்ரான் தொறந்துட்டார்! ஒரேயொரு படம் இறக்கியிருக்கார்.

— தங்கச்சிட படமா?

— இல்ல. நிக்காஹ் முடிய நீங்க துவாயால மொகத்த மூடிக்கிட்டு அழுதீங்களே, அது.

— அதப் போய் ஏன் அனுப்பின நீங்க! யா அல்லாஹ்... என்ட படத்தயா எடுத்தான்?

— இருங்க, கீழ எழுதியும் இருக்கார். ‘இந்தப் படத்தோட ஊருக்குப் போறன். வாப்பாட்ட சொல்ல வேணாம்.’ அல்லாவே, சொல்லிட்டனே!

— ஊருக்கா? அல்ஹம்துலில்லாஹ்! மகள், மன்னார் பஸ் எத்தின மணிக்கு? காடு பத்திக் கெடக்குற எங்கட பழைய வீட்டு வளவுல புள்ள தனிய நிப்பானே!

— மாமா, நில்லுங்க, அது என்ட செருப்பு! எங்க இருந்து இறக்கினார் எண்டும் இதுல காட்டும். பாக்க விடுங்க... ம்? கத்தார் இல்ல.

— மன்னாருக்கே போய்ச் சேந்துட்டானா?

— புத்தளம். எங்கட கடை வைஃபை.

— என்ன மகள் சொல்லுறீங்க? கடையில இப்ப ஆரு இருக்கா?

— முன்னுக்குப் பெரிய பேக்கோட ஒருத்தர் நிக்கிறார், படம் ஒண்டுக்குச் சட்டம் போடோணும் எண்டு... மாமா, மெதுவா! கதிர விழுது!

— ஸப்ரான்!

— வாப்பா? நீங்க இஞ்சயா?

— ஊருக்குப் போறன் எண்டு எழுதிட்டு இஞ்ச என்னடா செய்யிற?

— ஊருக்குத்தானே வாப்பா வந்திருக்கன். வெறுங்கையோட உம்மாட மொகத்துல முழிக்க வெக்கமா இருந்துச்சு. அதான், இந்தப் படத்த...

— மாமா, அப்பிடியே நில்லுங்க, கமராவ எடுத்துட்டு வாறன். இந்த அழுகை அத விட நல்லா இருக்கு!

— விடுங்க மகள், அந்த ஃபோனத் தாங்க, இவன்ட உம்மாக்குச் சொல்லோணும். ஹலோ, றம்லா? சுறுக்கா உலைய வை. புள்ள ஊருக்கு வந்துட்டான்.