ஊருக்கே ஒரு மணி நேரம் லேட்டு

...ஏழேகால் தாண்டியாச்சு, இன்னும் மனுசனைக் காணோம்! அந்தச் சுவத்துக் கடிகாரத்தைப் பாருங்க ரோஸ்லினக்கா, நான் பொய்யா சொல்றேன்? போட்டாதாங் படகுத்துறையில வேலை முடிஞ்சு, பஸ் புடிச்சு, டாண்ணு ஆறரைக்கு வாசல்ல இவரு செருப்புச் சத்தம் கேக்கும். இருபத்தாறு வருசமா! இப்ப பத்து நாளா தெனம் ஏழரை. கேட்டா, "ஆறரைக்குத்தானேடி வந்தேன்"ங்கிறாரு. கூசாம! காலையில சொல்லிட்டேன்... இன்னைக்கும் லேட்டுன்னா, அப்படியே லைங் தாயாவுல உங்க அக்கா வீட்டுக்குப் போயிடுங்கன்னு. ரெண்டு சட்டையை எடுத்துப் பையில வச்சுக்கிட்டாரு. நெசமாவே வச்சுக்கிட்டாருக்கா.

உக்காருங்க, எங்க எந்திரிக்கிறீங்க? சீனிதானே, தரேன்.

இவரை மட்டும் சொல்லி என்ன? ஊரே கெட்டுக் கெடக்கு. கோயில் பூசாரி காலையில ஆறு மணிக்குக் கதவு தொறக்கணும், ஏழாகுது. நேத்து நல்லாக் குடுத்தேன். கரண்டு ஒரு மணிக்கு வரணும். "மீ லா பீ, கரண்டு வந்துருச்சு"ன்னு புள்ளைங்க கத்துறப்ப மணி ரெண்டு!

எங்க மக கலா இருக்கிற மெல்போர்ன்ல என்னடான்னா, பகல் வெளிச்சத்தை மிச்சம் புடிக்கிறாங்களாம். அக்டோபர்ல கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளுவாங்களாம், ஏப்ரல்ல பழையபடி திருப்புவாங்களாம். எவனோ ஒரு வெள்ளக்காரன் விடிகாலையில குதிரையில போனானாம். ஊரே ஜன்னலைச் சாத்திக்கிட்டுத் தூங்குதேன்னு அவனுக்கு வயித்தெரிச்சல்! கடிகாரத்தை முன்னால தள்ளுங்கன்னு அவன் சொன்னதை அவன் ஊரே கேக்கல. அப்புறம் மொதல் உலகச் சண்டை வந்து, நிலக்கரி மிச்சமாகும்னு ஜெர்மன்காரன் மாத்த, பின்னாலயே மத்தவனும் மாத்தினான். இன்னமும் கலா இருக்கிற நாட்டுல இதுக்குச் சண்டைதானாம். கடைக்காரனுக்கு வேணும், மாடு வச்சிருக்கிறவனுக்கு வேணாம். மாடு மணி பாத்தா பால் குடுக்குது?

ம்... நம்ம ரங்கூன்லயும் ஜப்பான்காரன் வந்தப்ப டோக்கியோ மணிதானாம். இருட்டுல வேலைக்கு ஓடுவோம்னு மாமனாரு சொல்லுவாரு. இப்ப அவரு மகனும் அதே பாட்டு! "ஏன்டி இருட்டுல எழுப்புற?" மழை மூட்டம், எந்திரிங்கன்னு வெரட்டினேன்.

கலா ஞாயித்துக்கெழமை ரெண்டரைக்குப் போன் பண்ணுவா. "இனிமே உங்களுக்கு ஒன்னரைம்மா"ன்னா. எனக்கு எதுக்கு இந்தக் கொழப்பம்? கண்ணாடி இல்லாம போன்ல மணியும் தெரியாது. நாற்காலி போட்டு ஏறி, சுவத்துக் கடிகாரத்தை நானும் ஒரு மணி முன்னால தள்ளி வச்சுட்டேன். எப்பவும் போல ரெண்டரைக்கே பேசுறா! எப்படி என் மூளை? அந்த ஞாயித்துக்கெழமையிலருந்துதான் இவரும் லேட்டு, பூசாரியும் லேட்டு...

என்னக்கா அப்படிப் பாக்குறீங்க? என்ன, உங்க போன்ல... ஆறு இருபத்தெட்டா?

அடிப்பாவி! நானா?

ஐயோ, கோழி கூவுறதுக்கு முன்னால அந்த மனுசனை எழுப்பி வெரட்டினேனே... பூசாரியை வேற அந்தத் திட்டுத் திட்டினேன்... சட்டையெல்லாம் எடுத்துட்டுப் போனாரே, வருவாரா? அக்கா, வருவாராக்கா?

இருங்க, இருங்க... செருப்புச் சத்தம்! அவருதான்! ஐயோ, எனக்கு எட்டலையே... நீங்க ஒசரம்தானே, அந்தக் கடிகாரத்தைக் கழட்டி உங்க பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போயிருங்க. சீனி அப்புறம் தரேன், சீக்கிரம்!

வாங்க, வாங்க! என்னங்க, இன்னைக்கு இவ்ளோ சீக்கிரம்?