கேமராவுக்கு நிழல் கிடையாது

டிசம்பர் மாதம். மாலை நாலரை மணி. மலைப்பக்கத்தில் நாலரைக்கே இருட்டிவிடும், உங்களுக்குத் தெரியாததா. குவாரிச் சாலை. ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. ஓரமாக ஒரு பிக்கப் வண்டி நிற்கிறது... அதன் பக்கத்தில் ஒரு தடியன் மண்டி போட்டு, தரையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஆமாம், தரையை. கரித்தூளும் சரளையுமாகக் கிடக்கிற வெறும் தரையை.

சிரிக்காதே கிளாரன்ஸ். அந்த ஹீட்டரை இந்தப் பக்கம் தள்ளு. கரண்ட் இன்றைக்கு வரப்போவதில்லை. ஐஸ் பிடித்த மரமெல்லாம் ஒயர் மேல் சாய்ந்து கிடக்கிறது. விடிகிறவரை எல்லோருக்கும் இந்தத் தீயணைப்பு நிலைய ஹால்தான். பேய்க் கதை கேட்டது நீங்கள். பிறகு பாத்ரூம் போக என்னைத் துணைக்குக் கூப்பிடக் கூடாது.

அந்தத் தடியன் பெயர் மெர்ல் ஹூடாக். இரண்டு மலை தள்ளி, பிட்னர் ஹாலோ என்கிற ஊர்க்காரன். என்னோடு பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை பார்க்கிற டார்லீன் இருக்கிறாளே, அவளுடைய அக்கா புருஷன். எனக்கு அவனைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பகலில் கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான். மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டர். பழைய ரயில் காட்சிகளை அதற்குள் கட்டுகிறவன். நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த ஒரு ஸ்டேஷனை, பழைய போட்டோக்களைப் பார்த்து, பலகை பலகையாக, ஆணி ஆணியாகத் திரையில் எழுப்புவார்கள். எந்தச் சுவரில் புகைக்கரி படிந்தது, எந்தக் கம்பியில் துரு ஏறியது, எல்லாம் வேண்டும். தரை கூட அந்த ஊர்த் தரையாகவே இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தப் போட்டோ. எல்லாம் முடிந்ததும் ரெண்டர் போடுவார்கள். விளக்கு இங்கே, சூரியன் அங்கே, கேமரா அங்கே என்று சொல்லிவிட்டால், கம்ப்யூட்டர் மணிக்கணக்காக வெளிச்சத்தைக் கணக்குப் போட்டு, நேரில் நின்று எடுத்தது போல ஒரு படத்தைத் தரும். அழகாக இருக்கும். பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கூட்டம் இருக்கிறதே... இன்டர்நெட்டில் ஒருவன் படம் போட்டால் போதும், மற்றவர்கள் கழுகு மாதிரி வட்டமிடுவார்கள். பாய்லரில் ஒரு ஆணி அதிகம், சக்கரத்தில் ஒரு கம்பி குறைவு என்று. அதில் முதல் கழுகு மெர்ல்தான். மாதக்கணக்கில் உழைத்து ஒரு கிழவர் போட்ட படத்தில், கூரையின் நிறம் தப்பு என்று அவன் காய்ச்சிய காய்ச்சலில், மனுஷன் இந்த வேலையையே விட்டுவிட்டார்.

சரி, குவாரிச் சாலை. பாதி போட்டோ எடுத்திருக்கிறான். முதுகுக்குப் பின்னால்... க்ரீ...க். ட்டாக்.

இரும்பு லீவர் ஒன்று திரும்பி, பள்ளத்தில் விழுகிற சத்தம். ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாற்றிவிடுவார்களே, அந்தப் பாயிண்ட் லீவர். அங்கே தண்டவாளமே கிடையாது. யுத்தத்தின்போதே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. மண்ணெண்ணெய் வாசனை மட்டும்... ஈரக் கம்பளி வாசனையும். பயந்தானா? அவனா? சத்தத்தைப் பதிவு செய்யாமல் விட்டோமே என்று வருத்தப்பட்டானாம்.

அந்த இடத்தில் ஒரு காலத்தில் தடம் இரண்டாகப் பிரிந்தது. இடது தடம் நேராகப் பாலத்துக்கு. வலது தடம் குவாரியின் விளிம்புக்கு. குவாரித் தடத்தில் சில பழைய ரயில் பெட்டிகளை நிறுத்தி, தண்டவாளம் போடுகிற கூலிக்காரர்களைக் குடிவைத்திருந்தார்கள். எல்லோரும் ஸ்லோவாக்கியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். ஒரு விடியற்காலை, பாலத்துக்குப் போக வேண்டிய சரக்கு ரயில் வலது பக்கம் திரும்பிவிட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்களோடு பெட்டிகள் நொறுங்கி, தீப்பிடித்து, குவாரிக்குள் போயின. பாயிண்ட்ஸ்மேன் ஒன்ட்ரே பெட்ராஷ் குடித்துவிட்டுத் தூங்கினான், பாயிண்டை நேராக வைக்க மறந்துவிட்டான் என்று விசாரணையில் முடிவாயிற்று. அவனைக் கேட்க முடியவில்லை. மறுநாள் அவன் குவாரித் தண்ணீரில் மிதந்தான்.

டார்லீனும் அவள் அக்கா ரோசெலும் பெட்ராஷ் வீட்டுப் பெண்கள். ஒன்ட்ரே அவர்களுடைய கொள்ளுத்தாத்தா. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பள்ளியில் கண் அசந்தால், "பெட்ராஷ், ரயில் வருதுடி, முழிச்சுக்கோ" என்பார்கள். சர்ச்சில் பியரோகிக் கொழுக்கட்டை பிடிக்க உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவள் நாற்காலியை ஒரு சாண் நகர்த்திக்கொள்வாள். வீட்டில் சொல்லிக்கொடுத்த கதை வேறு. கொள்ளுத்தாத்தா தூங்கவில்லை. பாயிண்டை நேராகத்தான் வைத்தார். துருப்பிடித்த பாயிண்ட் தானாக நழுவியது, கம்பெனி பழியைச் செத்தவன் தலையில் போட்டது. ரோசெல் அதை ஜபம் மாதிரி நம்பினாள்.

இப்போது பிட்னர் மியூசியம் அந்த விபத்துக்கு ஒரு சுவரளவு படம் கேட்டது. யாரிடம்? மெர்லிடம்.

இந்த வேலையில் ஆட்களுக்கு ரெடிமேட் பொம்மைகள் விலைக்குக் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே மூஞ்சி. அதைப் போட்டால் கூட்டம் காறித் துப்பும். அதனால் மெர்ல் பழைய போட்டோக்களிலிருந்து நிஜ முகங்களை எடுத்து ஒட்டுவான். ஒரு நாள் ரோசெல் காப்பி கொண்டுபோய்ப் பார்க்கிறாள்... திரையில் பாயிண்ட் குவாரிப் பக்கம் திரும்பியிருக்கிறது. லீவருக்குக் கீழே, கையில் பாட்டிலோடு, கண்ணை மூடிச் சாய்ந்து கிடக்கிறார் கொள்ளுத்தாத்தா. அவளுடைய படுக்கையறைச் சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோவின் அதே முகம்.

"இது யாரு மெர்ல்?"

"பாயிண்ட்ஸ்மேன்."

"என் வீட்டு ஆளு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பியாக்கும்?"

"பாட்டிலை எடு. கண்ணைத் திற. லீவரை நேராக்கு. கல்யாணம் ஆனதுலேருந்து உன்கிட்ட வேற என்னத்தைக் கேட்டேன்?"

"விசாரணையில என்ன இருக்கோ அதைத்தான் வைப்பேன். உங்க வீட்டுக் கட்டுக்கதைக்கெல்லாம் ரெண்டர் போட முடியாது. நெருப்பில்லாம புகையாது ரோசெல்."

வெந்த புண்ணில் வேல். அவள் காப்பியை அவன் கீபோர்டில் ஊற்றிவிட்டு, போட்டோவைக் கழற்றிக்கொண்டு டார்லீன் வீட்டுக்கு வந்துவிட்டாள். நானாக இருந்தால் அவன் தலையில் ஊற்றியிருப்பேன்.

மறுநாள் காலை புது கீபோர்டை மாட்டி, ரெண்டரை ஓடவிட்டு வேலைக்குப் போனான். சாயங்காலம் வந்து பார்த்தால் படம் தயார். ஸ்டேஷன் பிரமாதம். புகை பிரமாதம். ஆனால் முன்னால், சரளைத் தரையில், ஒரு நிழல்.

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். அந்த உலகத்தில் கேமரா என்பது ஒரு புள்ளி. அதற்கு உடம்பு கிடையாது, நிழலும் கிடையாது. இந்த நிழலோ கேமரா இருக்கும் இடத்திலிருந்து நீளமாக விழுந்திருந்தது. நாற்காலியின் முதுகு... இரண்டு அகலமான தோள்கள்... முன்விளிம்பு வளைந்த தொப்பி. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மெர்லின் நிழல். அவனுக்குப் பின்னால் யாரோ தாழ்வாக ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் எப்படி விழுமோ, அப்படி.

தப்பைக் கண்டுபிடிக்காமல் விடுகிற ஜாதியா அவன்? படத்துக்குள் இருந்த விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து ரெண்டர் போட்டான். நிழல் போகவில்லை. சூரியனையும் எடுத்தான். எல்லாவற்றையும் எடுத்தான். படம் தார் மாதிரிக் கறுப்பாக வந்திருக்க வேண்டும். வந்தது... மஞ்சள் வெளிச்சத்தில். அந்த ஒரே வெளிச்சத்தில். நிழல் முன்பை விடக் கறுப்பாக, பெரிதாக.

விளக்கு கிட்டே வந்துகொண்டிருந்தது. அறையில் மண்ணெண்ணெய் நாற்றம். அந்த வீட்டில் மண்ணெண்ணெயே கிடையாது, டார்லீன் சத்தியம் பண்ணுகிறாள்.

வேறு யாராவது என்றால் வீட்டை விட்டு ஓடியிருப்பார்கள். இவன் படத்தைக் கூட்டத்துக்குப் போட்டான். முதல்முறையாகக் கழுகுகள் கொத்தவில்லை. பார்க்கிறவனின் நிழலையே காட்சிக்குள் விழவைத்த மேதை என்று கொண்டாடினார்கள். யோசித்துத்தான் செய்தேன் என்று எழுதினான், வெட்கங்கெட்டவன். மியூசியத்துக்கும் அதையே பெரிதாக அச்சடிக்கக் கொடுத்துவிட்டான். வீட்டில் கம்ப்யூட்டர் இன்னும் நுணுக்கமாக இன்னொன்றைப் போட்டுக்கொண்டிருந்தது. அதையும் கூட்டத்தில் போட்டான்.

அதற்கு ஆல்டூனாவிலிருந்து ஒருத்தி பதில் எழுதினாள். இவனிடம் முன்பு வாங்கிக் கட்டிக்கொண்டவள். "ஹூடாக், உன் நிழலுக்குப் பின்னாடி இன்னொரு நிழல் நிக்குது, பார்த்தியா? விளக்கைத் தரையில வச்சுட்டு முன்னால வந்துட்டான். ரெண்டு கையும் காலியா வச்சிருக்கான். எதுக்கு?"

பெரிதாக்கிப் பார்த்தான். இருந்தது. அவன் தோளுக்கு மேல் ஒரு தலை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கைகள், விரல்கள் விரிந்து...

அப்போதுதான் ரோசெலுக்குப் போன் பண்ணினான். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள், "லீவரை நேராக்கு மெர்ல். கண்ணைத் திற. அவர் போயிடுவார்."

"சுவத்துப் படம் அச்சாயிடுச்சு."

"கிழிச்சுப் போடு."

"இவ்வளவு உழைச்சுட்டு, உங்க குடிகாரத் தாத்தாவுக்காகவா?"

போனை வைத்துவிட்டான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அச்சான படத்தைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு மியூசியத்துக்குக் கிளம்பினான். தூறல். குவாரிச் சாலைதான் வழி. பழைய தடம் பிரிந்த இடத்தில் இப்போது சாலை பிரிகிறது. இடது பக்கம் பாலம். வலது பக்கம் குவாரி, குறுக்கே ஒரு சங்கிலி. பிறந்ததிலிருந்து ஓட்டுகிற பாதை.

ஹெட்லைட்டில், பிரிவுக்கு முன்னால், ஒரு ஆள். ஈரக் கம்பளிக் கோட்டு. இரண்டு கையாலும் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

க்ரீ...க். ட்டாக்.

ஸ்டியரிங்கை இடது பக்கமே பிடித்திருந்தேன் என்று மெர்ல் சொல்கிறான். வண்டி வலது பக்கம் போயிற்று. தண்டவாளத்தில் போகிற மாதிரி, ஒரு குலுங்கல் இல்லாமல். அந்த ஆளைக் கடக்கும்போது, மூடிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம், காதோரமாக, இரண்டு வார்த்தை கேட்டது. பிறகு சங்கிலி அறுகிற சத்தம். பிறகு தண்ணீர்.

சாகவில்லை. வண்டி ஒரு கல் திட்டில் மாட்டிக்கொண்டது. கால் இரண்டும் நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். ரோசெல் போனாள். என்ன இருந்தாலும் புருஷன்.

"என்னவோ சொன்னார் ரோசெல்... எனக்குப் புரியலை. 'நெஸ்பல் சொம்'னு."

ரோசெலுக்கு அந்த ஸ்லோவாக் மொழி தெரியும். பிரார்த்தனைக்கும் திட்டுக்கும் போதுமான அளவு தெரியும். 'நான் தூங்கவில்லை.'

அவள் அழுதாள், சிரித்தாள், கட்டிலைத் தட்டினாள். "சொன்னேனா இல்லையா! தூங்கலைன்னு சொன்னேனா இல்லையா! நூறு வருஷமா ஒருத்தராவது கேட்டீங்களா!" நர்ஸ் ஓடிவந்து எட்டிப் பார்த்தாளாம். டார்லீனும் அங்கேதான் நின்றிருந்தாள், அவளும் அழுதிருக்கிறாள்.

மெர்ல் ரோசெலின் கையைப் பிடித்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் குரலில் சண்டை இல்லை.

"ரோசெல்... லீவர் நேராத்தான் இருந்தது. நான் கிட்ட வர்ற வரைக்கும் நேராத்தான் இருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கிட்டேதான் இழுத்தார்."

ரோசெல் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

புரிகிறதா உங்களுக்கு? பழி சொன்னதில் அந்த மனுஷனுக்குக் கோபமே இல்லை. தூங்கிவிட்டான், மறந்துவிட்டான் என்று சொன்னதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. தன் மொழி பேசுகிறவர்கள், தன் ஊர்க்காரர்கள் அந்தப் பெட்டிகளில் தூங்குவது தெரிந்தே... விழித்துக்கொண்டு... வருகிற ரயிலைப் பார்த்துக்கொண்டு... அவனேதான் லீவரை இழுத்திருக்கிறான்.

அன்றைக்கே ரோசெல் வீட்டுக்குப் போனாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே அந்த வேலை பாதி தெரியும். பாட்டிலை எடுத்தாள். கொள்ளுத்தாத்தாவை நிற்கவைத்து, இரண்டு கையையும் லீவரில் வைத்தாள். பாயிண்டைக் குவாரிப் பக்கமே விட்டாள். கடைசியாக அவர் கண்களைத் திறந்துவைத்தாள். ரெண்டர் சுத்தமாக வந்தது, நிழல் இல்லை. அந்தப் படத்தைத்தான் மியூசியத்துக்கு அனுப்பினாள். பெட்ராஷ் வீட்டுப் பெண், தன் கையாலேயே.

அதோடு விட்டிருக்கலாம். டார்லீன்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டிருக்கிறாள், "அவர் ஏன்க்கா அப்படிப் பண்ணினார்? அந்தப் பெட்டியில அவரோட சொந்தத் தம்பி இல்ல படுத்திருந்தான்?"

"அதை அவர்கிட்டதான் கேக்கணும்" என்றாளாம் ரோசெல்.

போன வாரத்திலிருந்து அவள் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் கொள்ளுத்தாத்தாவின் கண்களை மறுபடி மூடிவிட்டாள். நேற்று வந்த படத்தில் சரளை மேல் ஒரு நிழல் இருக்கிறது. பெண் நிழல். விளக்கு இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது என்று டார்லீன் சொல்கிறாள்.